ஏழு விநாடி

கல்யாண வீடியோ எடுப்பவன் நான்.
குடியாத்தத்தில், செருப்புக் கடைக்கு மேல் ஸ்டூடியோ.
தேர்தல் வந்தால்
பறக்கும் படை ஜீப்பில் பின்சீட்டு எனக்கு.
என் கேமராவும் கண்ணும் நாள் வாடகைக்கு.
(போன தேர்தல் பில் இன்னும் வரவில்லை.)

செவ்வாய்க்கிழமை விடியலில்
பொய்கைச் சந்தைக்கு மாடு வாங்கப் போனவரை மறித்தோம்.
இடுப்பு மடிப்பில் எழுபத்திரண்டாயிரம்.
"ரசீது?"
"மாட்டுக்கு ஏதுங்க ரசீது?"
நோட்டை எண்ணிக் கொடுக்கையில் அவர் கை ஆடியது
குளோசப்பில் இருக்கிறது.
அந்நேரம் எங்களைத் தாண்டிப்போன ஆம்புலன்ஸில்
நோயாளி இல்லை என்பது
ஜீப்பில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும்.
கேமராவைத் திருப்பினேன்.
"அது வேணாம்ப்பா" என்றார் அதிகாரி,
மோருக்கு உப்பு வேண்டாம் என்பதுபோல.

ராத்திரி பொதுக்கூட்டம். அதையும் பதிவு செய்யவேண்டும்.
வெளியூர்ப் பேச்சாளர்
முதல் பத்து நிமிடம் தண்ணீரைப் பற்றிப் பேசினார்.
ஒருவரும் கை தட்டவில்லை.
பாலாற்றில் தண்ணீர் இல்லையென்பது
பாலாற்றங்கரையில் ஒரு சேதியா?
பிறகு "அவங்க" என்றார்.
யாரென்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.
"உங்க தெருவுல அவங்க எத்தினி வீடு வாங்கிக்கிறாங்க,
எண்ணிப் பாருங்க."
கூட்டம் எண்ணியது.
ஹெட்போனில் கேட்டேன்:
ஒன்று, இரண்டு, ஒன்பது என்று
எனக்குப் பால் ஊற்றுகிறவரின் குரல்,
என் மகனுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவரின் குரல்.

அடுத்த வாரம் அதே மைதானம்.
வேறு கொடி, வேறு துண்டு.
"அவங்க" மட்டும் எதிர்த் தெருவுக்குக் குடிபோயிருந்தார்கள்.
மைக்செட் பாண்டுரங்கனுக்கு
இரண்டு பக்கமும் முன்பணம்.

எனக்கு லைட் பிடிப்பவன் இம்தியாஸ்.
பகலில் பேரணாம்பட்டில் ஷூ தைக்கிறான்.
முகூர்த்தமோ நிக்காஹ்வோ,
பதினோரு வருஷமாக
எந்த முகத்திலும் நிழல் விழ விட்டதில்லை.
டீக்கடையில் கேட்டான்:
"அந்த மீட்டிங்க நீதான எடுத்த?"
"வேலைடா."
"தெரியும்."
டம்ளரைக் கழுவி வைத்தான்.
"லைட்டு யாரு புடிச்சாங்க?"

வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் கவர்.
பூத் சிலிப்பும், பச்சை ரப்பர் பேண்டில் நோட்டுகளும்.
"நம்ம வீட்டுல நாலு ஓட்டாம்" என்றாள் குணவதி.
"தெருவே வாங்கிச்சு. நாம மட்டும் வேணாம்னா
அவங்க ஆளுன்னு சொல்லுவாங்க."
அவங்க.
கேமரா தோளில்தான் இருந்தது.
லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை.

ஓட்டு நாள்.
வரிசையில் எனக்கு மூன்று பேர் பின்னால் இம்தியாஸ்.
இருவரும் வெயிலைப் பார்த்தோம்.
முன்னால் ஒருவர் யாரிடமோ சொன்னார்:
"எதுல குத்தினாலும் ஒண்ணுலதான் விழுதாம்."
மை. பொத்தான். நீளமான பீப்.
கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி நிற்கும்.
என் கணக்கில் நூற்று எழுபத்தைந்து ஃபிரேம்.
ஒன்றிலும் குறையில்லை. சின்னம் சரி, எண் சரி.
சீட்டு விழுந்தது.
நான் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
இது எதற்காக அந்தப் பொத்தானுக்குப் போனது?
பழக்கமா, கவரா,
எண்ணிய கூட்டத்தின் பயமா என்று.

வெளியே வந்து காத்திருந்தேன்.
"ஞாயித்துக்கிழம காட்பாடியில ரிசப்ஷன். வரியா?"
"பாக்கலாம்" என்றான்,
மை விரலைச் சட்டையில் தேய்த்தபடி.

சனிக்கிழமை மாட்டுக்காரர் போன் செய்தார்.
கலெக்டர் ஆபீசுக்கு நாலாவது நடையாம்.
"உங்க வீடியோவுல என் கை நடுங்கனது இருக்குங்களே,
அத காட்டினா நம்புவாங்களா?"
கார்டை ஒப்படைத்துவிட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

ஞாயிறு, லைட்டை ஸ்டாண்டில் மாட்டினேன்.
மாலை மாற்றும்போது
பெண்ணின் முகத்தில் பாதி இருட்டு.
"லைட்டு புடிக்கிறவரு வரலியா?" என்றார் அவள் மாமா.
"ஓட்டு போடப் போனான்" என்றேன்.

ஓட்டு முடிந்து
மூன்று நாள் ஆகியிருந்தது.